அணை உடையும் முன் யார் சொல்வது?

2021 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பெரிய அணை ஒவ்வொன்றுக்கும் அவசரகாலச் செயல் திட்டம் வேண்டும் என்கிறது. ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள அணைகளுக்கு ஐந்தாண்டு அவகாசம். அணை உடைந்தால் வெள்ளம் எந்த ஊரை எவ்வளவு நேரத்தில் எட்டும், எவ்வளவு ஆழம் நிற்கும், யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவைப்பதே இத்திட்டம். இதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் பொறியாளரிடமிருந்து ஆட்சியருக்கும் ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கும் இறங்கிவரும் தகவல் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகத்தான் ஆற்றோரத்து வீடு இருக்கிறது. இத்திட்டங்களின் பலம், பலவீனம் இரண்டையும் அந்த வீட்டு வாசலில் நின்றே எடைபோட வேண்டும்.

திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மோர்பி நகரம் அறியும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையின் மண்கரைகளுக்கு மேலே வெள்ளம் வழிந்து அவற்றைக் கரைத்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்துபோயிருந்தது. அணையில் சிக்கிக்கொண்ட ஊழியர்களுக்குக் கீழே உள்ள நகருக்குச் சொல்ல வழியில்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். சரியான எண்ணிக்கை இன்றுவரை உறுதிப்படவில்லை.

இதற்கு நேரெதிரான சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. 2020 மே 19 அன்று ஈடன்வில் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கீழே இருந்த சான்ஃபோர்டு அணையையும் உடைத்தது. சுமார் 10,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. முந்தைய இரவிலேயே மக்களை எழுப்பிக் கிளப்பத் தொடங்கியதே காரணம். எனினும் ஈடன்வில் அணையால் பெருவெள்ளத்தை வெளியேற்ற முடியாது என்பது முன்பே தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யாததால் 2018இல் மின் உற்பத்தி உரிமமே பறிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்கள் வீடுகளை இழந்தார்கள். எச்சரிக்கை உயிரைக் காக்கும். பழுதுபார்க்க வேண்டிய கடமையிலிருந்து அணையின் உரிமையாளரை அது விடுவிக்காது.

எச்சரிக்கைக்கே நேரம் இல்லாத இடங்களும் உண்டு. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாஜின்யோவில் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தனர். சைரன்கள் ஒலிக்கவில்லை. சுரங்க நிறுவனத்தின் உணவகமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழேயே இருந்தன. அணையை ஒட்டி, அதிகாரிகள் வந்து காப்பாற்ற அவகாசமில்லாத பகுதியை அந்நாட்டு விதிகள் தனியாக வரையறுக்கின்றன: அங்கே மக்கள் தாமாகவே தப்பியாக வேண்டும். இந்த வெளிப்படைத்தன்மை நமக்கும் வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் வெள்ளம் எட்டும் ஊருக்குத் தகவல் சங்கிலியால் பயனில்லை. சைரன், மேட்டுக்கு ஏறும் பாதை, பழக்கம் ஆகிய மூன்றும்தான் அங்கே உதவும்.

அடுத்த குறை, முடிவெடுப்பவர் பற்றியது. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அதிகாரியின் துணிச்சலை நம்பியிராமல் அளவுகோலே பேசுவதும், கரையோர மக்கள் அதைப் பல்லாண்டுகளாக அறிந்திருப்பதும் இந்த முறையின் பெரும் பலம். ஆனால் இது முறையாக நீர் திறப்பதற்கான ஏற்பாடு. கரையில் கசிவு கலங்கலாக வருகிறது, மதகு திறக்க மறுக்கிறது என்றால் யாரோ ஒருவர் ‘அணை உடையக்கூடும்’ என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பீதி கிளப்பினார் என்ற பழிக்கு அஞ்சி மேலிட உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கீழே இருப்பவர்களின் நிமிடம். 2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணையில், அவசரக் கலிங்கின் கீழே நிலம் அரிக்கப்பட்டதும் ஏறக்குறைய 1,88,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அணை உடையவில்லை, சாலைகள் நெரிசலில் திணறின. அந்த முடிவு சரியானதே. வீண் அலைச்சலுக்கு ஈடு செய்யலாம். சொல்லாமல் விட்டதற்கு ஈடில்லை.

அச்சத்தின் இன்னொரு வடிவம் மௌனம். அணை உடைந்தால் வெள்ளம் எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டால் அணை பலவீனமானது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முல்லைப் பெரியாற்றில் இது இன்னும் கூர்மையாகிறது. அணை கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு, கீழே இருப்பவர்கள் வண்டிப்பெரியாறு மக்கள். அணை உறுதியானது என்று 2014இல் உச்சநீதிமன்றம் ஏற்று, 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதால் அம்மக்களுக்குத் தரவேண்டிய எச்சரிக்கை குறைந்துவிடாது. உறுதியான கப்பலிலும் உயிர்காப்புப் படகு இருக்கிறது.

ஒவ்வொரு அணையையும் தனித்தனியாகப் பார்ப்பதும் ஆபத்தே. 2023 அக்டோபர் 3 நள்ளிரவையொட்டி சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைத்துக்கொண்டது. அந்த வெள்ளம் சுங்தாங்கிலிருந்த தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. ஏரி ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். கண்காணிப்புக் கருவிகள் பொருத்தும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேலே நடப்பது தெரியாத அணைக்குக் கீழே சொல்ல நேரம் கிடைக்காது.

ஆகவே திட்டம் வேண்டும். இப்போதுள்ள வடிவம் போதாது. பணியில் இருக்கும் பொறியாளரே மேலிடத்தைக் கேட்காமல் சைரனை ஒலிக்கச் செய்யும் அதிகாரமும், நல்லெண்ணத்தில் தவறாக ஒலிக்கச் செய்தால் தண்டனையில்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். கனஅடியில் சொல்லும் அறிவிப்பு, எந்தத் தெரு வரை தண்ணீர் வரும் என்று சொல்ல வேண்டும். மின்சாரமும் கைப்பேசியும் போன நிலையை வைத்தே ஒத்திகை நடக்க வேண்டும்.

2026 முடிவில் எத்தனை திட்டங்கள் தயார் என்று அரசுகள் கணக்குக் காட்டும். எத்தனை ஊர்களில் இரவு ஒத்திகை நடந்தது, எத்தனை பள்ளிச் சுவர்களில் வரைபடம் இருக்கிறது என்ற கணக்கை நாம் கேட்க வேண்டும். ஆற்றோரத்துக் கிராமசபை ஒவ்வொன்றும் தன் அடுத்த கூட்டத்திலேயே அதைத் தீர்மானமாக எழுப்பலாம்.