ஆர்பிஎம் குறைந்தால் தளம் தேய்கிறதா?

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துபவன். பத்து வருஷமாக ஒரு இணையதளத்தில் பாடக் குறிப்புகள் எழுதுகிறான். சில தமிழில், சில ஆங்கிலத்தில்.

"மச்சான், தமிழ்ல எழுதுறதை நிறுத்திடலாம்னு இருக்கேன். ஒரே வருஷத்துல ஆர்பிஎம் கால்வாசி போயிடுச்சு. தமிழ்தான் கீழ இழுக்குது" என்றான்.

ஆர்பிஎம் எளிய கணக்குதான். வருமானத்தைப் பக்கப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு காசு வந்தது என்று அது சொல்லும். விளம்பரம் போட்டிருக்கும் தளக்காரர்கள் பலர் காலையில் எழுந்ததும் பார்ப்பது இதைத்தான். இந்த எண்ணில் தப்பில்லை. மொத்தத் தளத்துக்கும் ஒரே கோடு வரைந்து, கோடு இறங்கினால் தளம் தேய்கிறது என்று படிக்கிற பழக்கத்தில்தான் எனக்குச் சண்டை.

நண்பனின் கணக்கை வாங்கி மொழிவாரியாகப் பிரித்தேன். புரிவதற்காக எண்களைச் சுருக்கித் தருகிறேன். போன வருஷம் ஒரு மாதத்தில் தமிழுக்கு 10,000 பார்வை, ஆர்பிஎம் 20 சென்ட். ஆங்கிலத்துக்கும் 10,000 பார்வை, ஆர்பிஎம் 1 டாலர். மொத்தம் 20,000 பார்வைக்கு 12 டாலர், அதாவது ஆர்பிஎம் 60 சென்ட். இந்த வருஷம் அதே மாதத்தில் தமிழ் 30,000 பார்வை, 25 சென்ட். ஆங்கிலம் அதே 10,000 பார்வை, 1 டாலர் 10 சென்ட். மொத்தம் 40,000 பார்வைக்கு 18.50 டாலர். வகுத்துப் பாருங்கள், ஆர்பிஎம் சுமார் 46 சென்ட்!

தமிழின் ஆர்பிஎம் ஏறியிருக்கிறது. ஆங்கிலத்துடையதும் ஏறியிருக்கிறது. கைக்கு வந்த காசும் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. சராசரி மட்டும் இறங்கியிருக்கிறது. காரணம், தமிழ் வாசகர்கள் மூன்று மடங்கானார்கள். இந்த வகைப் புதிருக்குப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951ல் இதைப் பற்றி எழுதினார். எழுபது வருஷத்துக்கு மேலான பாடம், இன்னமும் தினமும் யாராவது ஒருவர் இதில் வழுக்கி விழுகிறோம்.

சரி, மொழியைப் பிரித்தால் போதுமா? போதாது. நீண்ட காலக் கோட்டில் வேறு வெட்டுகளும் உண்டு. கூகுளின் ஆட்சென்ஸ் 2003ல் தொடங்கியது. தமிழுக்கு அதில் ஆதரவு வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வருஷங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், வாசகர் மாற்றத்தை அளக்கிறோமா, விதி மாற்றத்தை அளக்கிறோமா என்றே தெரியாது.

அடுத்த வெட்டு சமீபத்தியது. 2023 நவம்பரில் ஆட்சென்ஸ் ஒரு மாற்றத்தை அறிவித்து, 2024 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரும்பாலும் கிளிக்குக்குக் கிடைத்து வந்த பணம், விளம்பரம் காட்டப்பட்ட முறைக்கு என்று மாறியது. அதற்கு முன் உள்ள 'கிளிக்குக்கு எவ்வளவு' என்ற கோட்டை அதற்குப் பின்னும் இழுத்துக்கொண்டு போவது, பாதி வழியில் அளவுகோலை மாற்றிவிட்டுத் துணி அளப்பது மாதிரி.

பிறகு பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பார்கள். ஜனவரியில் கை சுருங்கும். டிசம்பரையும் ஜனவரியையும் ஒப்பிட்டுப் பதறுவது, தீபாவளி வார விற்பனையைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கடையை மூடலாமா என்று யோசிப்பதற்குச் சமம். போன வருஷ ஜனவரியோடு இந்த வருஷ ஜனவரியை வையுங்கள். ரூபாயில் கணக்கு வைப்பவர்களுக்கு இன்னொரு மாயையும் இருக்கிறது. 2014ல் டாலர் சுமார் 61 ரூபாய், 2023ல் சுமார் 82. டாலரில் ஒரு சென்ட் ஏறாமலே ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததாகத் தெரியும்.

என் யோசனை சின்னதுதான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட். மொழிக்கு ஒரு வரிசை, கருவிக்கு ஒரு வரிசை. பார்வை, வருமானம் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள், விகிதத்தை மட்டும் குறிக்காதீர்கள். ஓரத்தில் ஒரு பத்தி விட்டு, விதி மாறிய நாளையும் நீங்கள் விளம்பர இடத்தை மாற்றிய நாளையும் எழுதி வையுங்கள். மாதம் முடிந்து, தள்ளுபடிகள் போக உறுதியான தொகையைப் போடுங்கள். நடுவில் தெரிவது மதிப்பீடு மட்டுமே.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். ஒன்றை மறைக்கவும் இல்லை. ஒரு தமிழ்ப் பார்வைக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளி நிஜம், எந்த ஸ்ப்ரெட்ஷீட்டும் அதை மூடாது. அது போதுமா என்பது அவன் முடிவு. ஆனால் தமிழ் அவன் தளத்தைத் தேய்க்கவில்லை. 2 டாலராக இருந்தது ஏழரை டாலர் ஆகியிருக்கிறது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்போ அந்த இருபதாயிரம் பேரு எங்கேர்ந்து புதுசா வந்தாங்க?"

பார்வை வேற, ஆள் வேறடா என்று திருத்தினேன். ஆனால் ஒரு வருஷம் முன்னாடியே அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.