ஆயிரத்தெட்டுக் கரைச்சல்

இலங்கையின் வன்னியில் தொல்லைகளை ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணுவதில்லை. "ஆயிரத்தெட்டுக் கரைச்சல்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கோயிலில் 1008 சங்குகளால் அபிஷேகம் செய்கிற அதே எண்தான், வயல் வரம்பில் யானை, பன்றி, குரங்கு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. அந்த எட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயிரம் என்றால் வெறும் மிகுதி. எட்டும் சேர்ந்தால், இருந்து எண்ணிப் பார்த்தவரின் பேச்சு.

2018 டிசம்பர் மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியொரு வெள்ளம் வடிந்த பின் கமக்காரரிடம் நலம் கேட்டால், "கரைச்சல் ஒண்டே ரெண்டே தம்பி, அள்ளுகொள்ளை!" என்பார். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்து உடைந்த வரம்பைக் கட்டத் தொடங்குவார்.

மிகுதியைச் சொல்லும் 'கனக்க' என்ற சொல் நெல்லுக்கும் பொருந்தும், நுளம்புக்கும் பொருந்தும். கோயிலுக்கு வெளியே, பேச்சில், ஆயிரத்தெட்டை மட்டும் கரைச்சலுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.