மூன்றாவது விதி

கைப்பேசி வந்தது, இளைஞர்கள் படிப்பதை விட்டார்கள், ஆகவே நூல் நிலையத்துக்கு இனி வேலை இல்லை என்று ஒரு அபிப்பிராயம் நம்மிடையே பரவியிருக்கிறது. எழுத்தாளர்களே இதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளைச் சமீபத்தில் மறுபடியும் படித்தேன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையை அதில் சொல்கிறார். புத்தகம் உபயோகத்துக்குத்தான், பூட்டி வைக்க அல்ல என்பது முதல் விதி. வெறும் ஏட்டுப் பேச்சும் அல்ல. அதே வருஷம் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. மோட்டார் கார் வந்துவிட்ட காலந்தான். கைக்கு எட்டியது மாட்டு வண்டி, அதில் ஏற்றினார்கள்.

நான் சிறுவனாகப் போன கிளை நூலகத்தில் நாவல்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. சாவி கேட்டால், "என்ன புஸ்தகம் வேணும், பேரைச் சொல்லு" என்பார் அங்கிருந்தவர். பெயர் தெரிந்தால் நான் ஏன் அலமாரி முன்னால் நிற்கப் போகிறேன்?

இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய காரியம், சந்தேகமில்லை. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. அதை இயந்திரம் மனிதனைவிட நன்றாகவே செய்கிறது. ஆனால் அதுவும் முதலில் பெயரைத்தான் கேட்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்குப் பெயர் தெரியாது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகனைத் தேடிக் கொடு என்பது மூன்றாவது விதி. நம்முடைய நூலகங்கள் அன்றும் இன்றும் தவறவிடுவது இதைத்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து மேஜையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்கள் வாசகர்களா என்று நாம் முகம் சுளிக்கிறோம். தேடிப் போக வேண்டியவர்கள் தாமாகவே வந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படிக் கேட்பது நியாயமில்லை.

அந்த மேஜை ஓரத்தில் நாலு நாவல்களைத் திறந்து போடலாம். "இந்தக் கதையைப் படித்துப் பார் தம்பி, கைப்பேசியிலேயே கிடைக்கும்" என்று நூலகர் ஒரு வார்த்தை சொல்லலாம். அதைச் சொல்ல அவர் அந்தக் கதையைப் படித்திருக்க வேண்டும். நூலகத்துக்குக் கணினி வாங்க யோசனை சொல்கிறவர்கள் இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.