உருமாறினாலும் சிக்கும் ஓட்டை

2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் ‘ஹார்ட்பிளீட்’ பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபோது, மூல நிரல் கையில் இருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். ரவுட்டர்களுக்குள் இயந்திர மொழியாகப் புதைந்திருந்த பிரதிகளை எப்படித் தேடுவது? ஒரே சி நிரல் இன்டெல் சிப்புக்கு ஒரு மாதிரி, ஆர்ம் சிப்புக்கு வேறு மாதிரி வெளிவரும். மிப்ஸ் சிப்பில் இன்னும் விசித்திரம்: ‘தாவு’ என்ற கட்டளைக்கு அடுத்த கட்டளை, தாவுவதற்கு முன்பே ஓடிவிடும். வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது.

2015-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாச் சிப்புகளின் கட்டளைகளையும் ஒரு பொது இடைமொழிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு சிறு கட்டளைத் தொகுதிக்கும் ஏதேதோ எண்களை உள்ளே கொடுத்து, வெளியே வருவதைக் குறித்துக்கொண்டார்கள். உடை மாறினாலும் நடையை வைத்து ஆளைக் கண்டுகொள்கிற மாதிரிதான். என்ன அழகான யோசனை! இன்டெல் வடிவில் தெரிந்த ஹார்ட்பிளீட்டை, ஆர்மிலும் மிப்ஸிலும் அப்படியே பிடித்துவிட்டார்கள். மூல நிரலின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல்.