மரியன்னை உருவங்களின் இலக்கணம்

431-இல் எபேசு திருச்சங்கம் மரியாவை இறைவனின் தாய் என்று அறிவித்தது. கீழைத் திருச்சபை ஓவியர்கள் அந்தப் போதனையைக் கோட்டிலும் வண்ணத்திலும் இலக்கணமாக்கினார்கள். மரப்பலகையில் வெண்சுண்ணப் பூச்சு, அதன்மேல் பொன்தகடு, முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். முக்காட்டில் நெற்றிக்கு நேரே ஒரு விண்மீன், தோள்களில் இரண்டு. மூன்றும் அவருடைய கன்னிமைக்கு அடையாளம். வழிகாட்டும் அன்னையானால் கை குழந்தையைச் சுட்டும். கனிவின் அன்னையானால் கன்னத்தோடு கன்னம் இழையும்.

இரண்டாம் வகைக்கு விளாதிமீர் அன்னைதான் உச்சம். 12-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் தீட்டப்பட்டு ருஷ்ய மண்ணுக்குப் போன படம். பலமுறை மறுபூச்சு கண்டதால், முதல் ஓவியரின் கைவண்ணம் முக்கியமாக முகங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பிஞ்சுப் பாதம் திரும்பி உள்ளங்கால் தெரிகிறது. தாயோ பிள்ளையைப் பார்க்கவில்லை. வரப்போகும் சிலுவையை அறிந்தவராய் நம்மைப் பார்க்கிறார். அத்தனை கண்டிப்பான இலக்கணத்துக்குள் இவ்வளவு துயரம் அடங்கும் என்பதே எனக்குத் தீராத வியப்பு.

இத்தாலியர்கள் அந்தக் கட்டைத் தளர்த்தினார்கள். 1311-இல் துச்சோவின் பீடப்படத்தைச் சியன்னா மக்கள் ஊர்வலமாகப் பேராலயத்துக்கு எடுத்துச் சென்றபோது பொன் பின்னணி அப்படியே இருந்தது. இருநூறு ஆண்டுகளில், ரஃபேலின் சிஸ்டைன் மதோன்னாவில், பொன் போய் மேகம் வந்துவிட்டது. அழகு கூடியது, திருமுன் நிற்கிற அச்சம் குறைந்தது என்றே சொல்வேன்.

மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னை மாநிறத்தவர். அந்த மண்ணின் மக்கள் அவரைத் தம்மவராகக் கொண்டார்கள். ஜப்பானின் நிலை வேறு. 1614-இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்ட பின், மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலைகளின் முன் மரியாவை வேண்டினார்கள். வெளிப்பார்வைக்கு அது பௌத்தச் சிலை. அவர்கள் செபமே அதை மாதாவாக்கியது. ஓவிய இலக்கணம் எதுவும் அங்கே அளவுகோல் ஆகாது.

கோவாவில் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்சலோ ட ஃபொன்சேகா மாதாவைப் புடவை கட்டிய இந்தியப் பெண்ணாக வரைந்ததற்குக் கண்டனம் எழுந்தது. அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் மாதாவை நிறுவி, பெரியநாயகி என்று பெயரிட்டார். புதிய சுரூபத்துக்குப் பணம் திரட்டும் பங்குகள், அச்சில் வார்த்ததை வாங்குமுன் ஒரு சிற்பியைக் கோணான்குப்பத்துக்கு அழைத்துப் போகட்டும்.