ஜென்னிங்ஸின் சூத்திரமும் அப்பாவின் ஆர்எக்ஸ் 100-உம்

கோர்டன் ஜென்னிங்ஸ் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர். அவர் எழுதிய 'டூ ஸ்ட்ரோக் ட்யூனர்ஸ் ஹேண்ட்புக்' 1973-இல் வந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை வீட்டிலேயே நோண்டுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் பாலபாடம். நான் அதை முழுசாகப் படித்தது, அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 சிலிண்டரைக் கெடுத்த பிறகு. வரிசை தப்பு, தெரியும்.

நண்பர் ஒருவர் "ரெண்டு மில்லி ஏத்து, பறக்கும்" என்றார். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரத்தால் 2 மிமீ உயர்த்தினேன். பறக்கத்தான் செய்தது, ஆனால் காலி ரோட்டில், முறுக்கிப் பிடித்தால் மட்டும். அப்பா மருதமலை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதேடா" என்றார்.

ஏன் என்பது புத்தகத்தில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் புகை போகும் வழியும் ஒரு பாகம்தான். போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, பைப்பின் கடைசியில் குறுகும் கூம்பில் மோதித் திரும்பி வரும். போர்ட் மூடுவதற்குள் வந்துவிட்டால், வெளியே நழுவிய பெட்ரோல் கலவையை மறுபடி உள்ளே தள்ளும். இதற்கு ஜென்னிங்ஸ் தரும் கணக்கு ஒரே வரி: போர்ட் திறந்திருக்கும் கோணத்தை 1700-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்தால், பிஸ்டனிலிருந்து அலை திரும்பும் இடம் வரையான நீளம் அங்குலத்தில் கிடைக்கும். 180 டிகிரி, 7500 ஆர்பிஎம் என்றால் 40.8 அங்குலம். அதே 180 டிகிரி 9000-க்கு 34 அங்குலம்.

இப்போது என் அரத்துக்கு வருவோம். 50 மிமீ ஸ்ட்ரோக்கில் 2 மிமீ என்பது திறக்கும்போதும் மூடும்போதும் சேர்த்துச் சுமார் 9 டிகிரி. பைப் பழையது, கோணம் மட்டும் கூடிவிட்டது. அதனால் அலை சரியாக வந்து சேரும் ஆர்பிஎம் மேலே போய்விட்டது. கூடவே, போர்ட் சீக்கிரம் திறப்பதால் பிஸ்டனைத் தள்ளும் நேரமும் குறைந்தது. மேட்டில் 3000, 4000-இல் ஏறுகிற வண்டிக்கு இரண்டுமே நஷ்டம்.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த 1700 என்பது வெந்த புகைக்குள் ஒலியின் வேகம், நொடிக்கு இத்தனை அடி. அதை மாறிலி மாதிரி கையில் கொடுத்துவிடுகிறார். காற்றை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வேகத்துக்குச் சுமார் 400 டிகிரி செல்சியஸ் வேண்டும். ரேஸ் டிராக்கில் முழு திராட்டிலில் போகிற வண்டிக்கு அது பொருந்தலாம். அவிநாசி ரோடு சிக்னலில் நின்று நின்று போகிற வண்டியின் பைப் அவ்வளவு சூடாவதில்லை. அலை மெதுவாகிறது, தாமதமாக வருகிறது. ரேஸுக்கு எழுதிய புத்தகத்தை ரோட்டுக்குப் படிக்கிறோம் என்பதை முன்னுரையிலேயே சிவப்பில் அச்சடித்திருக்கலாம்.

ஆனாலும் என் தவறுக்கு அவர் பொறுப்பில்லை. அவர் அளக்கச் சொல்கிறார், பிறகு கணக்கு, அதற்குப் பிறகுதான் அரம். நண்பர் கொடுத்தது வெறும் விடை. யாரோ எழுதிய கோடைப் படிக்காமல் காப்பி பேஸ்ட் பண்ணும் ஜூனியர்களைத் திட்டுகிற ஆள் நான். அங்கேயாவது பழைய வெர்ஷன் இருக்கும். இரும்பில் இல்லை.

வேறொரு ஸ்டாண்டர்டு சிலிண்டர் தேடிப் பிடித்து மாட்டியாயிற்று. அப்பா மறுபடி மலைக்குப் போய்வருகிறார். கெட்ட சிலிண்டரையும் புதுசையும் டிகிரி வட்டு வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். முடிந்ததும் இரண்டின் எண்களையும் இங்கேயே போடுகிறேன்.