படத்தில் வராத மீன்

யசுஜிரோ ஓசுவின் கடைசிப் படம் (1962). ஜப்பானியப் பெயர் 'சம்மா நோ அஜி', அதாவது சம்மா மீனின் சுவை. படம் முழுக்கத் தேடினாலும் சம்மா வராது. வயதான ஆசிரியர் ரசித்துத் தின்பது ஹாமோ, அது வேற மீன். ஆங்கிலத்தில் 'அன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' ஆக்கிவிட்டார்கள். பருவம் தங்கியது, மீன் போச்சு.

எனக்கு அது பெரிய இழப்பு. லூமுட்டில் இலையுதிர்காலம் ஏது? டுரியான் விழுந்தால்தான் எங்களுக்குப் பருவம். மீன் என்றால் புரியும். இலையுதிர்காலம், வாள், மீன் என்று மூன்று எழுத்துகள் சேர்த்துத்தான் சம்மாவை எழுதுகிறார்கள். வீடுகளில் உப்புத் தடவி முழுசாகச் சுட்டு, துருவிய முள்ளங்கியோடு வைப்பார்கள். குடலைக்கூட எடுப்பதில்லை, அந்தக் கசப்பும் ருசிதானாம். மகளைக் கட்டிக்கொடுத்த ராத்திரி, மனைவியில்லாத அப்பா அடுக்களையில் தனியாக உட்காருகிறாரே, அங்கேதான் தலைப்பு நாக்கில் படுகிறது.